நிழலிடம் கொடுத்துவிட்ட பொட்டலங்கள்

மகள் ரெனில்டாவை ஊரில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய பர்னபாஸ், அதற்குப் பிறகு முதன்முதலாக மணல் மைதானத்துக்கு கோல்ஃப் ஆட வந்த வெள்ளிக்கிழமையன்று, அவன் முதல் பந்தை அடித்ததுமே அவள் நிழல் முதுகில் பையோடு எங்களுக்கு நடுவிலிருந்து கிளம்பி, பந்து போன திசையில் நடந்து போனது. நிழல் மட்டும்தான். அதற்குரிய ஆள் இல்லை. இதை நம்பாதவன் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை, விலை படியாமல் நடையைக் கட்டுகிறவனிடம் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வளைகுடாவில் நாங்கள் பிழைக்கிற எண்ணெய் நகரத்தை விட்டு வண்டியில் கிளம்பினால், கடைசிப் பெட்ரோல் பங்கையும் கடைசி ஒட்டகக் கொட்டகையையும் தாண்டி, தார் ரோடு அலுத்துப்போய் மணலுக்குள் படுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது அந்த மைதானம். எண்ணெய் தோண்ட வந்த வெள்ளைக்காரர்கள் பொழுது போகாமல் பாலைவனத்தில் ஒன்பது குழி வெட்டி, ஒன்பது கொடி நட்டு ஆடிக்கொண்டிருந்துவிட்டு, கிணறு வற்றியதும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். புல் என்று ஒரு நுனி கிடையாது. ஆடுகிற ஒவ்வொருவனும் கால்மிதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் புல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைய வேண்டும். பந்து எங்கே விழுகிறதோ அங்கே அதை விரித்து, பந்தை அதன்மேல் தூக்கி வைத்து அடிக்க வேண்டும். குழியைச் சுற்றி மட்டும் கழிவெண்ணெய் கலந்து உருட்டிய கறுப்பு மணல், சிமெண்ட் போட்ட முற்றம் மாதிரி இறுகிக் கிடக்கும்.

டயர் விற்கிறவனுக்கும் தண்ணி லாரி ஓட்டுகிறவனுக்கும் கோல்ஃப் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பர்னபாஸ் ஒரு ஏலத்தில் பழைய சாமான் கண்டெய்னர் ஒன்றை அடிமாட்டு விலைக்கு எடுத்தான், அதற்கு அடியில் கட்டுக்கட்டாக கோல்ஃப் மட்டைகள் கிடந்தன. எத்தனை கடை ஏறி இறங்கியும் ஒருவனும் வாங்கவில்லை. விற்காத சரக்கைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை பர்னபாஸ். "விக்காட்டா என்னவே, வெளையாடுவோம்" என்று எங்கள் கையில் ஆளுக்கொரு மட்டையைத் திணித்து, வெள்ளிக்கிழமை தோறும் பிக்கப் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தான். டயர்க்கடை பர்னபாஸ், டீக்கடை மைதீன், தண்ணி லாரி இசக்கிப்பாண்டி, பழைய ஏசியும் பழைய ஃபிரிட்ஜும் வாங்கி விற்கிற நான், இப்படி ஒரு கூட்டம். குறைவாக அடித்துக் குழியில் போட்டவனுக்கே ஜெயம் என்பதால், அடித்த அடிகளை எண்ணுவதில் எனக்கும் பர்னபாசுக்கும் சட்டையைப் பிடிக்காத வெள்ளிக்கிழமை கிடையாது. அவன் ஏழு அடித்துவிட்டு ஐந்து என்பான். நான் எட்டு என்பேன். ஆறில் வந்து படியும்.

ரெனில்டா எண்ணெய் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலைக்கு வந்து அப்பனோடு தங்கியிருந்தாள். அவளுக்கு இமயமலையில் நடக்க வேண்டும். கோயில் குளம் என்று இல்லை, சும்மா நடக்க. கூடாரம், அடுப்பு, அரிசி, போர்வை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு, கூட வேலை பார்க்கிற பெண்களோடு நாள்கணக்கில் மலைமேல் நடக்க. அதற்குப் பழக வேண்டுமென்று அவளும் பாலைவனத்துக்கு வந்தாள். முதுகுப்பைக்குள் மணல் கட்டிய பைகளை அடுக்கி மாட்டிக்கொண்டு, அப்பன் பந்து எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கூடவே நடப்பாள், வாரத்துக்கு ஒரு மணல் பை கூட்டிக்கொள்வாள். கடைசிக் குழியில் அப்பன் பந்து விழுகிற வரைக்கும் பையை இறக்க மாட்டாள். நடுவில் இறக்கினால் அன்றைய நடை சேராது என்பது அவள் போட்டுக்கொண்ட சட்டம். "உங்க பந்து போற கோணலுக்கு எனக்கு ரெட்டை நடை கிடைக்குப்பா" என்பாள். "ஒனக்காகத்தான் கோணலா அடிக்கேன்" என்பான் அவன், நேராக அடிக்க வராதவன்.

மலைக்குப் போக டிக்கெட் எடுத்த பிறகு ஒரு காலையில், தலை துவட்டிக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மூளையில் ஒரு நரம்பு என்றார்கள். பர்னபாஸ் அவளைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனான், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை ஊர், அங்கே அவன் பெண்டாட்டி அமலோற்பவம் காத்திருந்தாள். அடக்கம் முடிந்து, பூசை முடிந்து, அவன் மட்டும் திரும்பி வந்தான். நாங்கள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை வண்டியை அவன் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தோம். வந்து ஏறிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் நிழல் வந்தது.

குனிந்த முதுகு, தோளைத் தாண்டி நிற்கும் பை, காற்றில் ஆடும் பின்னல் நுனி, எல்லாம் மணல்மேல் கறுப்பாக, துல்லியமாக, அவள் நடக்கிற மாதிரியே வலது காலைக் கொஞ்சம் வெளியே எறிந்து நடந்து போனது. பர்னபாஸ் மட்டையைக் கீழே போடவில்லை, அலறவில்லை, மண்டியிடவில்லை. புல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிழலுக்குப் பக்கத்தில் நடந்தான். இசக்கிப்பாண்டி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். மைதீன் என் காதருகே வந்து கேட்ட முதல் கேள்வி, "பிள்ள தொப்பி போட்டிருக்காளா? வெயிலு இந்தப் போடு போடுது." பார்த்தோம். நிழலில் தொப்பியின் முன்விளிம்பு தெரிந்தது. மைதீனுக்கு நிம்மதி.

ஒன்பதாவது குழியில் பர்னபாசின் பந்து விழுந்ததும், நிழல் பையை இறக்கி வைத்தது. இடுப்பில் கையூன்றி முதுகை நிமிர்த்தியது. பிறகு, ரெனில்டா உயிரோடிருந்தபோது ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தது. பையைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு, கொடியைத் தாண்டி, கிழக்கே மணல்மேடுகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பழகி முடித்தாயிற்று, இனி புறப்பாடு என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பெற்றவனுக்கு எங்களுக்கு முந்திப் புரிந்தது. "ரெனீ! ஆட்டம் முடியலம்மா! அப்பாவுக்கு இன்னும் ஒரு பந்து பாக்கி இருக்கு!" என்று கத்திக்கொண்டே சட்டைப்பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துப் போட்டு, புல்துண்டு விரிக்காமல், குறி பார்க்காமல், மணல் தெறிக்க ஒரு அடி அடித்தான். நிழல் நின்றது. திரும்பி வந்து அந்தப் பந்தின் பின்னால் நடந்தது.

அதிலிருந்து பர்னபாஸ் கடைசிக் குழியில் பந்தை விழ விடவில்லை. எட்டுக் குழியை ஒழுங்காக முடிப்பான், ஒன்பதாவதில் குழிக்கு ஒரு சாண் தூரம்வரை கொண்டுவருவான், குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். நிழல் பையை இறக்காமல் கொடிக்குப் பக்கத்தில் நிற்கும். வெயில் சாய்ந்து இருட்டில் கரைகிற வரைக்கும் அப்படியே நிற்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் முதல் பந்தை அடித்ததும் மறுபடி வரும்.

மனுஷன் எதற்கும் பழகிவிடுவான். நாங்களும் பழகிவிட்டோம். அவள் நிழலுக்குள் பந்து விழுந்தால் அவள் நகர்கிற வரைக்கும் காத்திருந்து அடிப்பது என்று சட்டம் போட்டோம். நிழலுக்கு ஆள் நின்றிருந்தால் எங்கே நிற்பாளோ அந்த வெற்றிடத்துக்குள் யாரும் காலை வைப்பதில்லை, தெரியாத்தனமாக வைத்தவன் "மன்னிச்சிக்கம்மா" என்று ஒதுங்கிக்கொண்டான். பிக்கப் வண்டியை அவள் பாதையில் நிறுத்தக் கூடாது, வண்டியின் நிழல் அவளை விழுங்கிவிடும். புழுதிக் காற்று அடித்து வெயில் மங்கினால் எல்லாரும் ஆட்டத்தை நிறுத்தி உட்கார்ந்தோம். பக்கத்து லேபர் கேம்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்த ஒருத்தன் போனில் வெறும் மணல்தான் வந்தது, அதற்குப் பிறகு ஒருவனும் எடுக்கவில்லை. முதலில் ஓரமாக நின்றவர்கள், பிறகு அவளோடு சேர்ந்து நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் ரத்தத்தை எடுத்த பிள்ளைதானே என்றார்கள்.

அப்புறம் பொட்டலங்கள் வந்தன.

வளைகுடாவில் கிடப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவனாவது ஊருக்குப் போகிறான் என்று காதில் விழுந்தால் போதும், கையில் ஒரு பொட்டலத்தோடு அவன் அறை வாசலில் போய் நிற்போம். அம்மாவுக்குத் தைலம், தங்கச்சிக்கு சோப்பு, மச்சானுக்கு டார்ச். போகிறவன் திட்டுவான், எடை கூடுகிறது என்பான், தராசுக் கொக்கியில் பெட்டியைத் தூக்கிக் காட்டுவான், கடைசியில் தன் சட்டையை எடுத்து வெளியே போட்டுவிட்டு நம் பொட்டலத்தை உள்ளே வைப்பான். முதுகில் பையோடு புறப்பட நிற்கிற ஒருத்தியைப் பார்த்துவிட்டு நாங்கள் எப்படிச் சும்மா இருப்போம்?

ஆரம்பித்தது மைதீன். ஒரு வெள்ளிக்கிழமை, காயிதத்தில் சுற்றிய அல்வாவோடு வந்தான். "எங்க உம்மா மவுத்தானப்போ என்னால போக முடியல. இந்தப் பிள்ள போற எடத்துலதான அதுவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவது கொடிக்கருகே நின்ற நிழலுக்கு முன்னால் போய், அல்வாப் பொட்டலத்தை உயர்த்திப் பிடித்தான். பொட்டலத்தின் நிழல் போய்ப் பையின் நிழல்மேல் விழுந்தது. கையை இறக்கினான். பொட்டலம் கையோடு வந்தது, அதன் நிழல் வரவில்லை. பையிலேயே ஒட்டிக்கொண்டது. மைதீன் அல்வாவை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். தரையில் ஒன்றும் விழவில்லை.

அடுத்த வாரம் கேம்பே வந்து நின்றது. ஒருவன் அண்ணனுக்கு ரேடியோ கொண்டுவந்தான், ஒருவன் அப்பாவுக்கு முழங்கால் பட்டை கொண்டுவந்தான், செத்த சிநேகிதனிடம் இரவல் வாங்கிய தோல்செருப்பைத் திருப்பிக் கொடுக்க ஒருவன் வந்தான். இசக்கிப்பாண்டி ஒரு கிலுகிலுப்பையைக் கொண்டுவந்தான். அவன் இங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஊரில் பிறந்து, அவன் லீவு கிடைத்துப் போவதற்குள் போய்விட்ட பிள்ளைக்கு. முகம் பார்க்காத பிள்ளையின் நிழலுக்கு எந்த அளவில் பொம்மை வாங்குவது என்று கடையில் நின்று திணறினேன் அண்ணாச்சி என்று என்னிடம் சொன்னான். நானும் ஒன்று கொடுத்தேன். அது என்ன என்பது யாருக்கும் தேவையில்லாத விஷயம்.

நிழலைக் கொடுத்துவிட்ட சாமான்களோடு வாழவும் பழகிக்கொண்டோம். நிழல் விழாத ரேடியோ ஒழுங்காகத்தான் பாடியது. நிழல் விழாத செருப்பை ஒருவன் சந்தையில் விற்கப் பார்த்தான், வாங்க வந்தவன் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பாதி விலை கேட்டான்.

பை வாரா வாரம் பெருத்தது. முதலில் தலைக்கு மேல் ஏறியது, பிறகு இரண்டு பக்கமும் பிதுங்கியது, அப்புறம் அவளுக்கு மேல் ஒரு வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி ஆனது. நிழலின் முதுகு வளைந்தது. வீசி எறிந்த வலது கால் மணலில் இழுபட ஆரம்பித்தது. பர்னபாஸ் அதைப் பார்த்தான். ஊருக்குப் போகிறபோது அடுத்தவன் பொட்டலத்தை ஒரு பிடிகூடக் கூடுதலாக ஏற்காமல் தராசோடு நிற்கிறவன், இப்போது வருகிறவனை எல்லாம் "வா, வா, வையி" என்று கூப்பிட்டான். "அவ தாங்குவா. கூட வாங்கிட்டு வந்திருக்கலாம்லாவே" என்றான். பை கனக்கக் கனக்க அவளால் புறப்பட முடியாது என்று அவன் வைத்திருந்த நம்பிக்கை எங்களுக்கு மட்டும் தெரியாதா? தெரியும். எங்கள் பொட்டலங்களும் போய்ச் சேர வேண்டும், அவள் போகவும் கூடாது, இரண்டையும் ஒரே மூச்சில் விரும்பிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளை ஓட்டினோம்.

இசக்கிப்பாண்டி லீவில் ஊருக்குப் போனபோது, பர்னபாஸ் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்ட பொட்டலத்தோடு அந்தக் கடற்கரை வீட்டுக்குப் போனான். அவனுக்கு வாயில் எதுவும் நிற்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அமலோற்பவம் மதினி நகையை வைத்து டிக்கெட் எடுத்து வந்து இறங்கினாள். மகள் உயிரோடிருந்தவரை இங்கே வர மறுத்தவள், மலையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் கல்யாணத்தைப் பார் என்று போனில் சண்டை பிடித்தவள், கறுப்புச் சேலையோடு என் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பாலைவனத்துக்கு வந்தாள்.

பர்னபாஸ் பந்தை அடித்தான். நிழல் வந்தது. மதினி அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலோடு நின்ற மைதீன் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தான். அவள் அழவில்லை. ஒன்பது குழியும் மகள் நிழலுக்குப் பக்கத்தில் நடந்தாள். இடையில் ஒருமுறை குனிந்து அது விழுந்திருந்த மணலைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லாமல் இருந்திருக்க வேண்டும், உள்ளங்கையை எடுக்காமல் கொஞ்ச தூரம் அப்படியே குனிந்தபடி நடந்தாள். கடைசிக் குழியில் பர்னபாஸ் வழக்கம்போலப் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"ஏன் எடுத்தீங்க?" என்றாள் மதினி.

அவன் மட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"பிள்ள எப்ப மூட்டைய இறக்குவா?"

"பந்து விழுந்தா இறக்குவாக்கா" என்றான் மைதீன்.

"பந்து எப்ப விழும்?"

நாங்கள் எல்லாரும் மணலைப் பார்த்தோம்.

"இறக்குனா போயிருவா, அமலி" என்றான் பர்னபாஸ்.

"போகட்டும்."

"நீயெல்லாம் ஒரு தாயா?"

"நீங்க கொண்டாந்து இறக்குன பெட்டியத்தான் நான் பாத்தேன். முகத்த மட்டும் தொறந்து காட்டுனீங்க. இன்னைக்குத்தான் எம்பிள்ள நடக்கிறதப் பாக்கேன். எனக்கு மட்டும் இவள அனுப்ப ஆசையா? காலப் பாருங்க. இழுத்து இழுத்து வைக்கா. உசிரோட இருந்தப்ப ஒரு நாளாவது இப்படிக் கூனி நடந்திருப்பாளா?"

பர்னபாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் குரல் மாறியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும், நூறு ஏலத்தில் கேட்டிருக்கிறேன். "சரி. நீ சொல்லுத. கேட்டுக்கிடுதேன். பாதி மூட்டைய எறக்கிருவோம். பாதி இருக்கட்டும்."

"பேரம் பேசாதீங்க."

"குளிரு முடியட்டும். வெயிலுக்கு முந்தி விட்டுருதேன்."

"பேரம் பேசாதீங்கன்னேன்."

"இன்னும் ரெண்டு வெள்ளி. சரி, ஒண்ணு. ஒரே ஒரு வெள்ளி, அமலி."

அவள் எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "வாற வெள்ளி அவங்கவங்க குடுத்தத அவங்கவங்க வந்து எடுத்துக்கிடுங்க. எம்பிள்ள ஒங்களுக்குச் சுமைகூலிக்காரி இல்ல." நூறு ஏலத்தில் நின்று ஜெயித்த பர்னபாஸ், கேட்ட ஒரு வெள்ளியைத்தான் பெற்றான், அதுவும் இப்படி.

அடுத்த வெள்ளி வரிசையாக நின்றோம். கொடுத்த அதே உயரத்தில் சாமானைப் பிடித்தால், பையிலிருந்து அதன் நிழல் நழுவி வந்து கையிலிருக்கும் பொருளோடு சேர்ந்துகொண்டது. ரேடியோவுக்கு நிழல் வந்தது. முழங்கால் பட்டைக்கு வந்தது. செருப்பை விற்றுவிட்டவன், வாங்கினவனைத் தேடிப் பிடித்து இரட்டை விலை கொடுத்துக் கொண்டுவந்திருந்தான். யாரும் முணுமுணுக்கவில்லை, ஆனால் ஊருக்குப் போகிறவன் கடைசி நேரத்தில் திருப்பித் தந்துவிட்ட பொட்டலத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவன் முகம் எப்படியிருக்குமோ, எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. இசக்கிப்பாண்டி கிலுகிலுப்பையை நீட்டினான், நிழல் வந்து சேர்ந்தது. அவன் அதை ஒரு தடவை ஆட்டினான். பிறகு அன்றைக்கு ஓட்டி வந்திருந்த தண்ணி லாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மைதீன் வெறுங்கையோடு வந்தான். தலையைச் சொறிந்தான்.

"அல்வா எங்க?" என்றாள் மதினி.

"தின்னுட்டேங்க்கா. கெட்டுப்போயிருமேன்னு."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் உதட்டோரம் அசைந்தது. "அது இருக்கட்டும். அல்வா கனக்காது. ஒங்க உம்மாகிட்ட குடுத்துருவா."

மைதீன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மற்றதெல்லாம் எடுத்தாயிற்று. பை பழைய அளவுக்கு, தோளைத் தாண்டிக் கொஞ்சம் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் முதுகு நிமிரவில்லை. நிழல் அதே கூனலில் நின்றது. மதினி பையைச் சுற்றி வந்து பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு எங்கள் காலடியைப் பார்த்தாள், ஒவ்வொருவன் காலடியாகப் பார்த்துக்கொண்டே வந்து, பர்னபாசிடம் நின்றாள்.

"ரெனில்டா அப்பா, ஒங்க நிழல் எங்க?"

நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். அவன் காலடியில் வெறும் மணல், பளபளவென்று வெயில். எத்தனை வாரமாக அப்படி என்று எவனுக்கும் தெரியாது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவனை யார் பார்த்தார்கள்?

"நீங்களுமா சுமைய ஏத்துனீங்க? இவ போகக் கூடாதுன்னா?"

"இல்ல அமலி." அவன் குரலில் ஏலம் இல்லை, ஒன்றும் இல்லை. "அதுக்கில்ல. என்னைக்காவது போயிட்டான்னா... தனியா போவாளேன்னு. தொணைக்கு."

மதினி அவன் கையைப் பிடித்தாள். நாங்கள் பார்க்கிறோம் என்றுகூட நினைக்கவில்லை. "தொணைக்குப் போறவன் கூட நடந்து போகணும். தோள்ல ஏறி உக்காரக் கூடாது."

அவனைக் கூட்டிக்கொண்டுபோய் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தாள். மற்றவர்களுடைய சாமான் நிழல்கள் சட்டென்று வந்தன, அவனுடையது வரவில்லை. பையோடு இறுகிக் கிடந்தது. அவன் காத்திருந்தான். "வந்துருவே" என்று நான்தான் கத்தினேன், அவனிடமா அவன் நிழலிடமா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு ஒரு ஓரம் பிரிந்தது, ஒரு கை பிரிந்தது, கடைசியில் மொத்தமும் பையிலிருந்து வழிந்து, மணல்மேல் ஊர்ந்து வந்து அவன் செருப்படியில் ஒட்டிக்கொண்டது. மகளின் முதுகு நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது அவள் எவ்வளவு உயரம் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

பர்னபாஸ் சட்டைப்பையிலிருந்து பந்தை எடுத்துக் குழிக்கு ஒரு சாண் தள்ளி வைத்தான். சின்னப் பிள்ளை தள்ளினாலும் விழுகிற தூரம். மட்டையைப் பிடித்துத் தள்ளினான், பந்து குழியோரம் உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மறுபடி தள்ளினான், மறுபடி தவறியது. நடிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவன் பந்தைப் பார்த்துப் பச்சை பச்சையாகத் திட்டிக்கொண்டிருந்தான். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. மதினி வந்து அவன் கைகளின்மேல் தன் கையை வைத்தாள். தள்ளினார்கள். பந்து குழிக்குள் விழுந்து, அடியில் இருந்த தகர டப்பாவில் டக்கென்று ஒரு சத்தம்.

நிழல் பையை இறக்கி வைத்தது. தோளை முன்னும் பின்னும் உருட்டியது. பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கித் தண்ணீர் குடித்தது. பிறகு ஒரே வீச்சில் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு, கொடியைத் தாண்டிக் கிழக்கே நடந்தது. பர்னபாசின் உதடு அசைந்தது. கூப்பிடவில்லை. மேற்கே வெயில் சாயச் சாய அவள் நிழல் நீண்டது, முதல் மணல்மேட்டை ஏறியபோது ஒரு பனைமரம் அளவுக்கு நீண்டது, இரண்டாவது மேட்டில் அவள் தலை அடுத்த மேட்டுக்கு மேல் விழுந்தது, வலது காலை வெளியே எறிந்து எறிந்து அவள் நடந்த நடையில் மேடும் பள்ளமும் அவளுக்கு ஒன்றாக இருந்தது, அப்புறம் சூரியன் தரையைத் தொட்டது, எங்கள் எல்லாருடைய நிழலும் சேர்ந்து கிழக்கே ஓடியது, அதில் எது அவளுடையது என்று தெரியாமல் போனது.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. லாரிக் கதவு திறந்து இசக்கிப்பாண்டி வந்து எங்களோடு நின்றுகொண்டான்.

"திரும்பிப் பாத்தாளாவே?" என்று பர்னபாஸ் என்னைக் கேட்டான்.

என்ன சொல்வேன்? நிழலுக்கு முகம் கிடையாது. அது நம்மைப் பார்த்து நின்றாலும் நமக்கு முதுகு காட்டி நின்றாலும் மணலில் ஒரே கறுப்புத்தான். மைதீன் வேறெங்கோ பார்த்தான்.

"பாத்தா" என்றாள் மதினி. "ரெண்டு தடவ பாத்தா."

பர்னபாஸ் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"ரெண்டுதானா?"

அவள் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

"மூணு" என்றாள்.